தாஷ்காவில் உட்கார்ந்ததும் கேட்க வேண்டியது: இன்றைக்கு என்ன சமையல்?

கேள்வி இதுதான்: அக்டோபரில் குடும்பத்தோடு லிஸ்பனுக்கும் போர்ட்டோவுக்கும் போகிறீர்கள். சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் கடையாக இல்லாமல், ஒரு குடும்பமே நடத்துகிற சிறிய, பழைய பாணிப் போர்ச்சுகீசிய உணவகத்தில் சாப்பிட ஆசை. அதை எப்படி அடையாளம் காண்பது, என்ன வாங்குவது, கேட்காமலே மேசையில் வைக்கிற ரொட்டிக்கும் ஆலிவுக்கும் பணம் கொடுக்க வேண்டுமா, கூட வருகிற அம்மா சைவம் என்பதால் அவருக்கு என்ன கிடைக்கும்?

லிஸ்பனில் வேலை பார்த்த காலத்தில் என் மதியச் சாப்பாடு பெரும்பாலும் இத்தகைய கடைகளில்தான். அந்தப் பழக்கத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலை நாளாகப் பார்த்து, மதியம் பன்னிரண்டரைக்கே போய் உட்காருங்கள். மெனு அட்டையைத் திறக்காமல், இன்றைக்கு என்ன சமைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு அதையே வாங்குங்கள். இதைச் செய்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

இந்தக் கடைகளை அங்கே தாஷ்கா என்பார்கள். பத்துப் பன்னிரண்டு மேசைகள், பாதிச் சுவருக்கு ஓடு பதித்திருக்கும், மூலையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், மேசையில் காகித விரிப்பு. மனைவி அடுப்படியில் இருப்பார், கணவர் கல்லாவையும் பரிமாறுவதையும் பார்த்துக்கொள்வார்; அல்லது மாமியார் அடுப்படியில், மகளோ மருமகனோ மேசைகளுக்கு நடுவே. ஓரிருவர் மட்டுமே சமைக்கிற அந்தச் சின்ன அடுப்படியில், கேட்டவருக்குக் கேட்டதை உடனுக்குடன் செய்து தர முடியாது. அதனால் காலையிலேயே இரண்டு மூன்று பெரிய பாத்திரங்களில் அன்றைய சமையல் ஏறிவிடும். அதுதான் 'ப்ராத்து தூ தீயா', அன்றைய சாப்பாடு. அதை ஒரு தாளில் கையால் எழுதிக் கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். மெனு அட்டையில் அச்சாகியிருப்பவை பெரும்பாலும் கேட்ட பிறகு வாட்டித் தருகிற இறைச்சியும் மீனும். அவை மோசமில்லை. ஆனால் அந்த வீட்டுக் கைப்பக்குவம் காலையில் ஏறிய பாத்திரத்தில்தான் இருக்கிறது. லிஸ்பனில் இப்போது அந்தச் சாப்பாடு சுமார் 10 யூரோ. சில இடங்களில் சற்றுக் குறையும், சில இடங்களில் இரண்டு மூன்று யூரோ கூடும். ரொட்டியும் ஒரு பானமும் காப்பியும் சேர்த்து ஒரே விலை வைக்கிற கடைகளும் உண்டு.

ஒன்றரை மணிக்கு மேல் போனால் அந்தத் தாளில் ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கும். தீர்ந்துவிட்டது என்று பொருள். மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் தொடங்காது. மாலை ஐந்து மணிக்குச் சுடச்சுடச் சாப்பாடு தருகிற இடம் வேறு வகைக் கடை. ஞாயிற்றுக்கிழமை பல தாஷ்காக்கள் மூடியிருக்கும். ஆகஸ்டில் வாரக்கணக்கில் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிற குடும்பங்களும் உண்டு. அக்டோபரில் போகிற உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எந்தப் பகுதியில் தேடுவது? லிஸ்பனில் பைஷா, அல்ஃபாமா போன்ற பழைய நகரப் பகுதிகளிலும் நல்ல கடைகள் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் மக்கள் குடியிருந்து வேலைக்குப் போய்வருகிற கம்பு தி ஓரீக், அல்வலாத், பென்ஃபீகா, அர்ரோயுஷ் பக்கம் போனால் தேடுவது எளிது. வாசலில் நின்று உள்ளே வாருங்கள் என்று ஆள் பிடிக்கிற கடை வேண்டாம். உணவின் வண்ணப்படம் போட்ட, ஐந்து மொழி மெனு வைத்த கடையும் வேண்டாம். பன்னிரண்டரைக்கு எட்டிப் பாருங்கள்: கட்டட வேலை செய்கிறவர்கள், வங்கி ஊழியர்கள், தனியாக வந்து சூப் குடிக்கிற முதியவர் என்று கலந்து உட்கார்ந்திருந்தால் நம்பி நுழையலாம். இடம் இல்லாவிட்டால் தெரியாதவர்கள் உட்கார்ந்திருக்கிற மேசையிலேயே உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டுத் தருவார்கள். தயங்காமல் உட்காருங்கள். கடைப் பெயர்களை நான் வேண்டுமென்றேதான் தரவில்லை. இந்தக் கடைகள் ஆட்களை நம்பி நடப்பவை. சமைக்கிறவர் ஓய்வு பெற்றுவிட்டால், பெயர்ப் பலகை அதுவாகவே இருந்தாலும் சாப்பாடு அதுவாக இருக்காது.

உட்கார்ந்ததும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, உங்கள் சொந்த ஊர் எது என்பது. லிஸ்பன் தாஷ்காக்களின் வரலாறே இடம்பெயர்ந்து வந்தவர்களின் வரலாறுதான். ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து வந்தவர்கள் அந்நகரில் தண்ணீர் சுமந்தார்கள், கரி விற்றார்கள்; கரிக்கடையின் ஒரு பக்கத்தில் மதுவும் சிறு தீனியும் விற்கத் தொடங்கி அதுவே உணவகமானது உண்டு. பிறகு மின்யு, பெய்ரா, ஆலெந்தேஜு என்று உள்நாட்டுப் பகுதிகளின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் கடை வைத்தார்கள். அந்தக் கிராமம் இன்னும் அடுப்படியில் இருக்கிறது. ஆலெந்தேஜுக்காரர் என்றால் ரொட்டி, பூண்டு, கொத்தமல்லித் தழை, பன்றி இறைச்சியோடு மட்டி சேர்த்த வறுவல். மின்யுக்காரர் என்றால் இளசான 'வீன்யு வேர்த்' மதுவும், கோழி இரத்தமும் வினிகரும் சேர்த்துச் சமைத்த சோறும். வடகிழக்கு மலைநாட்டுக்காரர் என்றால் புகையூட்டிய தொத்திறைச்சி வகைகள். அங்கிருந்து வருகிற 'அல்யெய்ரா' என்ற தொத்திறைச்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கட்டாய மதமாற்றக் காலத்தில் யூதர்கள் பன்றி இறைச்சி இல்லாமல் ரொட்டியும் கோழியும் வைத்துச் செய்து, ஊர் கண்ணில் படும்படி தொங்கவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதை நம்பிப் பன்றி சாப்பிடாதவர்கள் வாங்கிவிடக் கூடாது. இன்று விற்பதில் பெரும்பாலும் பன்றி இருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட ரொட்டி விஷயம். உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் ரொட்டிக் கூடை, ஆலிவ், வெண்ணெய், மத்தி மீன் விழுது, சில இடங்களில் ஒரு சிறிய வட்டப் பாலாடைக்கட்டி எல்லாம் வந்துவிடும். இதற்குக் 'குவெர்' என்று பெயர். இது இலவசம் இல்லை, ஏமாற்றும் இல்லை. 2015-ஆம் ஆண்டின் 10-ஆம் எண் சட்ட ஆணை தெளிவாகச் சொல்கிறது: வாடிக்கையாளர் கேட்கவும் செய்யாத, தொட்டுப் பயன்படுத்தவும் செய்யாத எந்த உணவுக்கும், குவெர் உட்பட, பணம் வாங்கக் கூடாது. ஆக, தொடாதவரை ஒரு காசு கிடையாது. தொட்டதற்கு மட்டும் பணம். வேண்டாம் என்றால் கையால் சற்று நகர்த்தி வைத்தால் போதும், முகம் சுளிக்காமல் எடுத்துப் போவார்கள். என்னைக் கேட்டால் ரொட்டியையும் ஆலிவையும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தட்டில் மிஞ்சுகிற சாற்றைத் துடைத்துச் சாப்பிட அந்த ரொட்டி தேவைப்படும். பாலாடைக்கட்டிதான் விலையை ஏற்றுவது. அதை மட்டும் விலை பார்த்துத் தொடுங்கள். இதேபோல மீனின் விலை கிலோ கணக்கில் எழுதியிருந்தால், அடுப்பில் போடுவதற்கு முன்பே எடை போட்டு விலை சொல்லச் சொல்லுங்கள்.

அளவு விஷயத்தில் பலரும் திணறிப்போகிறார்கள். முழு அளவு 'தோஸ்', பாதி அளவு 'மெய்யா தோஸ்'. பாதி என்பதே ஒருவருக்குத் தாராளம். முழு அளவு எவர்சில்வர் நீள்தட்டில் வரும். இரண்டு பேர் சாப்பிடலாம். ஒரே தட்டில் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் சேர்ந்து வருவது அங்கே இயல்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைக்கு மிக அதிகமாக அரிசி சாப்பிடும் நாடு போர்ச்சுகல்தான்; சாது, தேஜு, மொந்தேகு ஆற்றுப் படுகைகளில் அவர்களே விளைவிக்கிறார்கள். அந்தக் 'கரொலீனு' அரிசி சாற்றை உறிஞ்சிக் குழைகிற இனம். தக்காளிச் சோறு, அவரை விதைச் சோறு, ஆக்டோபஸ் சோறு எல்லாமே தளர்வாக, தட்டில் பரவுகிற பதத்தில்தான் வரும். உதிரி உதிரியாக இல்லையே என்று நினைக்க வேண்டாம், அதுதான் பதம்.

காரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள்தான். ஆனால் அவர்கள் வீட்டுச் சமையல் பூண்டு, பிரிஞ்சி இலை, ஆலிவ் எண்ணெய், வெள்ளை மது, குடமிளகாய் விழுது இவற்றை வைத்தே நடக்கிறது. காரம் வேண்டுமென்றால் பிரி-பிரி எண்ணெய்ப் புட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பக்கல்யாவ், அதாவது உப்பிட்டு உலர்த்திய காட் மீன், சாப்பிடாமல் திரும்பக் கூடாது. அந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதே இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. நூற்றாண்டுகளாகக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்பரப்பு வரை கப்பலில் போய், கப்பலிலிருந்து இறக்கிய சிறு படகுகளில் ஒருவர் ஒருவராகத் தூண்டில் போட்டுப் பிடித்தார்கள். 1970-கள் வரை அந்த முறை இருந்தது. இப்போது பெரும்பாலும் நார்வேயிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் வருகிறது. சமைப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குவார்கள். ஆயிரம் வகைச் சமையல் இருப்பதாகச் சொல்வார்கள். தாஷ்காவில் நீங்கள் பார்க்க வேண்டியது ப்ராஷ் பாணி. மீனை நார் நாராகப் பிய்த்து, வெங்காயத்தோடு வதக்கி, தீக்குச்சி கனத்துக்குச் சீவி வறுத்த உருளைக்கிழங்கைச் சேர்த்து, கடைசியில் அடித்த முட்டையை ஊற்றி இறக்கிவிடுவார்கள். முட்டை கட்டிப்படாமல், ஈரப்பசையோடு மீனையும் கிழங்கையும் பூசியிருக்க வேண்டும். உலர்ந்து பொடிப்பொடியாக வந்தால் அது வெகுநேரம் முன்பே செய்து வைத்தது. இந்த ஒரு உணவை வைத்தே ஒரு சமையற்காரரின் கவனத்தை எடைபோட்டுவிடலாம்.

அக்டோபரில் மத்தி மீனின் உச்சப் பருவம் முடிந்திருக்கும். ஜூன் மாதம் லிஸ்பனில் புனித அந்தோணியார் விழாவில் தெருவெங்கும் சுட்டு, ரொட்டித் துண்டின் மேல் வைத்துத் தருகிற அந்தச் சுவையை அக்டோபரில் தேட வேண்டாம். மாறாக 'கொசீது' போட்ட நாளாகப் பாருங்கள். பல கடைகளில் அதற்கென்று வாரத்தில் ஒரு கிழமை உண்டு. பலவகை இறைச்சி, தொத்திறைச்சி, முட்டைக்கோஸ், கேரட், டர்னிப் எல்லாம் ஒன்றாக வெந்து, அந்தச் சாற்றிலேயே சோறும் வெந்து வரும். போர்ட்டோவில் குடல் சாப்பிடுகிறவர்கள் வெள்ளை அவரை விதையோடு சேர்த்த குடல் சமையலைத் தவறவிடக் கூடாது. 1415-இல் வட ஆப்பிரிக்காவின் சியூட்டா மீது படையெடுத்த கப்பல்களுக்கு ஊரார் நல்ல இறைச்சியையெல்லாம் கொடுத்துவிட்டு, குடலை மட்டும் தமக்கு வைத்துக்கொண்டார்கள் என்பது அந்நகரின் பெருமிதக் கதை. போர்ட்டோக்காரர்களை இன்றும் குடல் தின்பவர்கள் என்றே அழைக்கிறார்கள், அவர்களும் அதை மகிழ்ச்சியோடு ஏற்கிறார்கள்.

இனிப்புக்கு மேலே இலவங்கப்பட்டைத் தூளால் கோலமிட்ட பால்சோறு இருந்தால் அதையே வாங்குங்கள். காப்பி கேட்டால் சின்னக் கோப்பையில் கடுங்காப்பிதான் வரும். லிஸ்பனில் அதற்குப் 'பிக்கா' என்று பெயர். பாலை எதிர்பார்க்காதீர்கள்.

பில்லை நீங்கள் கேட்கும்வரை கொண்டுவர மாட்டார்கள். சாப்பிட்டவரை எழுப்பி அனுப்புவது மரியாதையில்லை என்பது அவர்கள் எண்ணம். 'ஸ ஃபாஷ் ஃபவோர்' என்று மெல்லக் கூப்பிட்டால் வருவார்கள். சில கடைகளில் அந்தக் காகித விரிப்பின் ஓரத்திலேயே பேனாவால் கூட்டிக் காட்டுவார்கள். வரி விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவிட்டு வருவதே வழக்கம். வெளிநாட்டு அட்டைகளை வாங்காத கடைகள் உண்டு, ஆகவே கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே தகராறு என்றால் புகார்ப் புத்தகத்தைக் கேட்கலாம். அங்கே ஒவ்வொரு கடையிலும் அது இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.

இந்தக் கடைகள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அது உறுத்துகிறது. பொருளாதார நெருக்கடியின்போது, 2012-இல் உணவகச் சாப்பாட்டின் மீதான வரியை 13 சதவீதத்திலிருந்து 23 ஆக உயர்த்தினார்கள். பத்து யூரோவுக்கும் குறைவாகச் சாப்பாடு போடுகிற கடை அதை வாடிக்கையாளர் தலையில் ஏற்ற முடியாது. 2016 ஜூலையில் உணவுக்கு மீண்டும் 13 ஆக்கினார்கள். அதே 2012-இல் வந்த வாடகைச் சட்டத் திருத்தம், பல பத்தாண்டுகளாக உயராமல் இருந்த பழைய வாடகைகளை உயர்த்த வழி திறந்துவிட்டது. சுற்றுலா பெருகிய தெருக்களில் தாஷ்கா இருந்த இடத்துக்கு விடுதி வந்தது. லிஸ்பன் மாநகராட்சி 2015-இல் வரலாறு கொண்ட கடைகளுக்கான பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது, 2017-இல் நாடு முழுவதற்கும் அப்படியொரு சட்டம் வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அடுப்படியில் நிற்பவரின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால் எந்தச் சட்டமும் ஒன்றும் செய்ய முடியாது. இன்று பல அடுப்படிகளில் பிரேசில், நேபாளம், வங்கதேசத்திலிருந்து வந்தவர்கள் கொசீது சமைக்கிறார்கள். நன்றாகவே சமைக்கிறார்கள். அதைக் கண்டு இது அசல் இல்லை என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

கடைசியாக, அம்மா. நேராகச் சொல்கிறேன்: தாஷ்கா சைவர்களுக்கு ஏற்ற இடம் இல்லை. காய்கறிச் சூப் என்று எழுதியிருந்தாலும் எலும்பு போட்டு வேகவைத்திருக்கலாம். உருளைக்கிழங்கை மசித்து, கோஸ் இலையை நூலிழையாக அரிந்து போடுகிற 'கால்து வேர்த்' சூப்பில் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும்; அதை எடுத்துவிட்டுத் தந்தாலும் சில இடங்களில் பாத்திரத்திலேயே அது வெந்திருக்கும். அவரை விதைச் சமையலிலும் இப்படித்தான். நான் சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் தருகிறவர்களும் உண்டு. 'சென் கார்ன், சென் பெய்ஷ்', இறைச்சி வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூப் எந்தத் தண்ணீரில் வெந்தது என்றும் கேட்க வேண்டும்.

அவருக்குப் பொருந்துகிறவையும் இருக்கின்றன. பச்சை பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்த 'பெய்ஷீன்யுஷ் த ஓர்த்தா' நம் பஜ்ஜிக்கு நெருங்கிய உறவு. ஜப்பானியர் தெம்புராவுக்கே அதுதான் மூலம் என்பார்கள். மாவில் முட்டை இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுவார் என்றால் ஆலெந்தேஜுவின் 'அசோர்தா' கிடைக்கிறதா என்று பாருங்கள். உரலில் பூண்டுப் பற்களையும் கல்லுப்பையும் ஒரு கை கொத்தமல்லித் தழையையும் போட்டுப் பச்சைக் களிம்பாகும்வரை இடிக்கிறார்கள். அதைக் கிண்ணத்தில் வழித்துப் போட்டு, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, முட்டையை உடைத்து வேகவைத்த கொதிநீரை அதன் மேல் ஊற்றுவார்கள். ஊற்றிய நொடியில் எழுகிற மணம் நம் வீட்டுச் சமையலறையை நினைவூட்டும். முதல் நாள் ரொட்டியை அதில் பிய்த்துப் போட்டு, மேலே முட்டையை வைத்துத் தருவார்கள். வெறும் தண்ணீரிலா, காட் மீன் வேகவைத்த தண்ணீரிலா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முட்டையும் கூடாது என்றால் போகிற அன்று கேட்டுப் பயனில்லை. பாத்திரங்கள் காலையிலேயே ஏறிவிட்டிருக்கும். முந்தின நாள், மதியக் கூட்டம் கலைந்து அடுப்பை அணைக்கிற இரண்டே முக்கால் வாக்கில், அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய் ஒரு காப்பி குடியுங்கள். நாளை மதியம் வருகிறோம், இவர் இறைச்சி, மீன், முட்டை மூன்றும் சாப்பிடமாட்டார் என்று சொல்லுங்கள். பெரிய உணவகத்தில் இப்படிச் சொன்னால் மெனுவைக் காட்டுவார்கள். இங்கே அந்த அம்மையார் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, தக்காளிச் சோறு சரியா, கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் பூண்டு போட்டு வதக்கித் தரட்டுமா என்று உங்கள் அம்மாவிடமே கேட்பதற்கு வாய்ப்பு அதிகம்.